நாலாயிரம் வெற்றிலையும் ஒரு பரீட்சையும்

மச்சான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே வந்துவிட்ட காலை எங்கே ஊன்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடம் முழுக்க வெற்றிலை.

நாற்பது கவுளி. கவுளிக்கு நூறு. ஆக நாலாயிரம் வெற்றிலை. ஆத்தூர்க் கொடிக்காலில் கிள்ளி, அடுக்கி, வாழை நாரால் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, மறுநாள் காலை தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு என்று என்னை நம்பி அவர் வைத்துவிட்டுப் போன சரக்கு. அத்தனை கட்டையும் அவிழ்த்து வரிசை வரிசையாகப் பரப்பிவிட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன் நான். காதில் பென்சில், மடியில் நோட்டு. கூடத்தில் வெற்றிலையின் காரமான பச்சை வாசனை மூக்கைத் துளைத்தது.

"என்ன மாப்ளே, வெத்தலைக்குள்ள எதையும் தொலைச்சிட்டுத் தேடுதீயளா?" என்றார் மச்சான்.

"இல்ல மச்சான். கணக்குப் போடுதேன்."

"வெத்தலைலயா?"

அவர் குரலில் கோபம் இன்னும் வரவில்லை. கோபம் வருவதற்கு முன்னால் மனிதர்களுக்கு ஒரு கவலை வருமே, நம் தங்கையை யாருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்கிற கவலை, அதுதான் வந்திருந்தது. எனக்கோ அவரைவிடப் பெரிய கவலை. அவர் வெற்றிலையில் ஒரு சர்க்கார் உத்தியோகமே மாட்டிக்கொண்டிருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்று செங்கல்

யுத்த காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சர்க்கார் ஆபீசில் நான் தற்காலிக குமாஸ்தா. கடலிலிருந்து வருவதை எண்ணி எழுதுவது என் வேலை. சங்கு குளிப்பவர்கள் கொண்டுவந்து கொட்டுகிற சங்கு எத்தனை, எத்தனை அங்குலம், புழு அரித்தது எத்தனை என்று பதிய வேண்டும். முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கடலுக்கடியில் பார் என்கிற முத்துப் பாறைத் திட்டுகளில் குஞ்சுச் சிப்பி ஏதும் பிடித்திருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதை மூன்று பிரதி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம்.

சங்குக் கிடங்கில் நின்றுவிட்டு வந்தால் அந்தச் சதை அழுகிய நாற்றம் சட்டையைவிட்டுப் போகாது. என் மனைவி வடிவு என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். அன்றைக்குச் சங்கா சிப்பியா என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள்.

யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. எங்கள் ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்தது. தற்காலிக ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். கணக்கெடுப்புப் பிரிவில் இருப்பவர்கள் மட்டும், புள்ளியியலில் ஒரு பரீட்சை எழுதி, அதிகாரி முன் நேரிலும் பதில் சொல்லித் தேறினால் நிரந்தரமாக இருக்கலாம். மூன்று மாத அவகாசம்.

வீடு என்றால் ஸ்ரீவைகுண்டம். அங்கே அண்ணன் இருந்தார், வயல் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. எனக்குத் திரும்பிப் போவதில் வெட்கம்தான், கஷ்டம் இல்லை. வடிவுக்கு அப்படி இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம் அந்த வீட்டில் இருந்தவள் அவள். அடுப்படி மதினியின் ராஜ்யம். வடிவு குழம்பு வைப்பாள். கடைசியில் மதினி வந்து தன் உப்புச் சட்டியான மரவையைத் திறந்து உப்புப் போடுவாள். வேறு யாரும் அந்த மரவையைத் தொடக்கூடாது. எட்டு மாதமும் குழம்பு உப்புக் கரித்தது. கெட்ட பெயர் வடிவுக்கு.

தூத்துக்குடிக்குக் குடித்தனம் வந்த அன்று, கருப்பட்டிக் கடை அண்ணாச்சி வீட்டின் பின்கட்டில் எங்களுக்குக் கிடைத்த அந்த ஒண்டு அடுக்களையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அவள் அடுப்புப் போடவில்லை. மூன்று செங்கல்லைக் கூட்டி வைத்துச் சமைத்தாள். இரண்டு வருஷம் ஆகியும் அதே மூன்று செங்கல்தான்.

"ஏளா, மண்ணக் கொழச்சு ஒரு அடுப்பு போடேன். புகைல கண்ணு போகுதுல்லா?" என்றேன் ஒரு நாள்.

"மொதல்ல உங்களுக்கு வேல நெரந்தரமாகட்டும்" என்றாள். "என் கையால போட்ட அடுப்ப இங்கன விட்டுட்டு, திரும்ப அந்த மரவைக்கு முன்னால போயி நிக்கணும்னா என்னால முடியாது."

அதற்குப் பிறகு நான் அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த மூன்று செங்கல்லும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

விடைகளை யார் படித்தது?

இந்தத் தொடரைப் படிக்கிற கோயில்பட்டி வாசகர் ஒருவர், என் மனைவியைப் பற்றி எழுதும்போது மட்டும் என் பேனா பதுங்குகிறது என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். இதை அச்சுக்கு முன்னால் படிப்பவள் அவள். இந்த அத்தியாயத்தில் உப்பு மரவை பற்றி எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டாள். மதினி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது ஒரு காரணம்.

பரீட்சைக்கு வருகிறேன். ஆபீசில் புள்ளியியல் தெரிந்தவர் யாருமில்லை. அலமாரியில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. கடைசி அத்தியாயத்தில் எழுபது பயிற்சிக் கணக்குகள், எல்லாம், எண்ணிக்கைகள் எப்படிச் சிதறி விழும் என்று சொல்கிற மூன்று இனத்தைச் சுற்றித்தான். பைனாமியல், பாய்சான், நார்மல். கேள்விகள் எழுபதும் பத்திரமாக இருந்தன. விடைப் பக்கங்களை மட்டும் செல், அதாவது கரையான், அரித்திருந்தது. நியாயமாக அந்தச் செல்லுக்குத்தான் உத்தியோகத்தை நிரந்தரம் செய்திருக்க வேண்டும்.

விடை இல்லாமல் கணக்குப் போடுவது எப்படிப்பட்ட சோதனை என்பது போட்டவர்களுக்குத் தெரியும். போட்டது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. அதனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புத்தகம் சொல்வதை வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டால் என்ன?

சோழி சாஸ்திரி

முதல் கணக்கு பைனாமியல். ஒரு காரியம் நடக்கும், அல்லது நடக்காது. பத்துத் தடவை செய்தால் எத்தனை தடவை நடக்கும் என்று சொல்வதுதான் அது. புத்தகத்தில் பத்து நாணயம் சுண்டச் சொல்லியிருந்தார்கள். நான் கடற்கரை ஊர்க்காரன், பத்துச் சோழி எடுத்துக்கொண்டேன். குலுக்கிப் போட்டு, வாய் தெரிய விழுந்தவற்றை எண்ணி நோட்டில் எழுதினேன். கணக்குப்படி ஐந்து ஐந்தாக விழுவதுதான் மிகுதியாக இருக்க வேண்டும்.

விழவில்லை. ஆறும் ஏழுமாகவே விழுந்தன. நூறு தடவை போட்டேன். புத்தகம் பொய் சொல்கிறதா, சோழி பொய் சொல்கிறதா என்று புரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

வடிவு ஒரு சோழியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "ஒரு பக்கம் உருண்ட, ஒரு பக்கம் சப்ப. இது எப்படிச் சரிபாதியா விழும்? தாயம் ஆடுத சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்லா" என்றாள்.

நாணயத்துக்குப் பாதி. சோழிக்குச் சோழியின் கணக்கு. பாதி என்று போட்ட இடத்தில் ஐந்தில் மூன்று என்று போட்டேன். சூத்திரம் சோழியோடு அழகாக ஒத்துப்போயிற்று. அன்று ஏற்பட்ட சந்தோஷத்தில் எழுந்து குதித்தேன்.

நான் குதித்ததை வாசல் பக்கமிருந்து வீட்டுக்கார அண்ணாச்சி பார்த்துவிட்டார். ஒரு மனிதன் தினமும் சோழி போடுகிறான், எண்ணுகிறான், நோட்டில் எழுதுகிறான், அருள் வந்ததுபோல் குதிக்கிறான். அவர் வேறு என்ன நினைப்பார்? மறுநாள் காலை குளித்து விபூதி பூசி, தட்டில் இரண்டு பழத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, நம்ம கருப்பட்டி ஏத்திக்கிட்டுக் கொழும்புக்குப் போன தோணி இன்னும் திரும்பல. எப்ப வரும்னு சோழியப் போட்டுச் சொல்லுங்க."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பழத்தைத் திரும்ப எடுக்கவில்லை. சரி, பயிற்சியாக இருக்கட்டும் என்று, போன தடவைகளில் தோணி எத்தனை எத்தனை நாளில் திரும்பியது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்து, "வியாழக்கிழமைக்குள்ள வர நாலுல மூணு சான்ஸ் இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

தோணி புதன்கிழமை வந்தது. நாலில் மூன்று என்பது அண்ணாச்சி காதில் ஏறவே இல்லை. தம்பி வரும் என்றார், வந்தது. அவ்வளவுதான். அந்த வாரத்தில் ஆறு பேர் தட்டோடு வந்தார்கள். வடிவு எல்லாரையும் திருப்பி அனுப்பினாள். பழங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

விருந்தாளிகளின் சராசரி

அடுத்தது பாய்சான். எப்போதாவது நடக்கிற காரியங்களுக்கான கணக்கு அது. ஒரு பக்கத்தில் எத்தனை அச்சுப்பிழை, ஒரு மணி நேரத்தில் எத்தனை டெலிபோன் மணி என்று புத்தகம் கேட்டது. எங்கள் வீட்டில் டெலிபோன் ஏது? விருந்தாளிகள் இருந்தார்கள்.

முந்தைய மூன்று மாதத்தில் யார் யார் எந்த வாரம் வந்தார்கள் என்று எழுதிக் கூட்டினேன். சராசரியாக வாரத்துக்கு மூன்று பேர். அப்படியானால் விருந்தாளியே வராத வாரம் எத்தனை இருக்கும்? போட்டுப் பார்த்தேன். நூறு வாரத்தில் ஐந்து. நிம்மதியான ஐந்து வாரம்! விடையைக் கோடு போட்டு வைத்தேன்.

அந்தப் பக்கம் வடிவின் கையில் கிடைத்தது. அதில் சுடலைமுத்து, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், எட்டு இடத்தில் இருந்தார். இரண்டு இடத்தில் 'தங்கினார்' என்று பக்கத்தில் குறிப்பும் இருந்தது.

"எங்க அண்ணன் வாரத எழுதியா வைக்கீய?"

"இது பாய்சான் ஏளா..."

"யாரா வேணா இருக்கட்டும். எங்க அண்ணன் வந்துட்டுப் போறத எண்ணுத வீட்ல எனக்கென்ன வேல?"

இரண்டு நாள் என் இலையில் காய் விழவில்லை. ரசமும் சோறும்தான். அந்த இரண்டு நாள் யோசனையில் ஒரு விஷயம் பிடிபட்டது. பாய்சானுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் வர வேண்டும். வடிவின் ஊரான ஆத்தூர்க்காரர்கள் தனியாக பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. ஒருவர் கிளம்பினால் 'நானும் வாரேன்' என்று நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். ஆகவே என் விடை தப்பு. அந்த நிம்மதியான வாரங்கள் உண்மையில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அவர்கள் வந்து இறங்குகிற வாரங்களில்தான் வீடு தாங்காது. இதை வடிவிடம் சொல்லவில்லை.

நார்மலும் என்னை நிம்மதியாக விடவில்லை. கோயில் மணியைக் கவிழ்த்த மாதிரி, நடுவில் கூட்டமும் இரு ஓரங்களில் சொற்பமுமாக வரும் என்றது புத்தகம். ஆபீஸ் பதிவேட்டில் இருந்த சங்குகளின் அகலத்தை வரைந்தேன். வலது பக்கம் அழகாக இறங்கியது. இடது பக்கம் வெட்டி எடுத்தமாதிரி நின்றது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. ஓட்டை போட்ட மரப்பலகையில் நுழைந்துவிடுகிற பொடிச் சங்குகளை, அவை வளரட்டும் என்று நாங்களே கடலில் திரும்பப் போடுகிறோம். மணியின் இடது பாதி கடலுக்குள் கிடந்தது.

பத்தில் ஒன்று

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. நாற்பத்தோராம் கணக்கு. நூறு நூறாகக் கட்டிய பொட்டலங்கள், நூற்றுக்கு ஐந்து பொருள் பழுது. பழுதே இல்லாத பொட்டலம் எத்தனை, ஒன்று உள்ளது எத்தனை, இரண்டு உள்ளது எத்தனை? சூத்திரத்தில் போட்டுவிட்டேன். சரியா என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மச்சான் நாற்பது கவுளியோடு வந்து இறங்கினார். சாக்கைக் கூடத்தில் வைத்துவிட்டு, திருச்செந்தூரில் ஒரு விசேஷம் இருக்கிறது, சாயங்கால பஸ்சில் வந்துவிடுகிறேன் என்று போனார். வடிவு ரேஷன் அரிசிக்குப் போய்விட்டாள். அந்த வரிசை நகர மதியம் தாண்டிவிடும். கூடத்தில் நானும் வெற்றிலையும் மட்டும்.

நூறு நூறாகக் கட்டிய பொட்டலம், நாற்பது பொட்டலம். கடவுளே அனுப்பிய பயிற்சிக் கணக்கு!

அவசரப்பட்டு அவிழ்க்கவில்லை. முதலில் மச்சான் எப்போது திரும்புவார் என்று கணக்குப் போட்டேன். அப்போதெல்லாம் பெட்ரோல் பஞ்சம். பின்னால் கரியடுப்பு கட்டிய பஸ்தான் ஓடிற்று. அது நேரத்துக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு தடவை. மற்ற ஒன்பது தடவையும் எங்காவது உடைமரக் காட்டில் நின்று புகை விடும். ஆகவே இருட்டுவதற்கு முன்னால் அவர் வர வாய்ப்பில்லை. அதற்குள் எண்ணிக் கட்டிவிடலாம்.

பத்தில் ஒன்று என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. முதல் பக்கத்தை நான் அவசரமாகப் படித்திருந்தேன்.

அவிழ்த்தேன். கிழிசலும் புள்ளி விழுந்ததுமான சொத்தை இலைகளை எண்ணினேன். முதல் கவுளியில் ஐந்து. அடுத்ததில் ஐந்து. அடுத்ததிலும் ஐந்து. நாற்பதையும் அவிழ்த்து முடித்தபோது நோட்டில் இருந்த கணக்கு இது: முப்பத்தாறு கவுளியில் ஐந்து, இரண்டில் நாலு, இரண்டில் ஆறு.

என் சூத்திரம் சொன்னது வேறு. சரியாக ஐந்து என்பது ஏழு கவுளியில் இருந்தால் அதிகம். இரண்டோ அதற்குக் கீழோ உள்ளவை ஐந்து இருக்க வேண்டும். எட்டும் அதற்கு மேலும் உள்ளவை இன்னொரு ஐந்து. முப்பத்தாறு எங்கே, ஏழு எங்கே?

மூன்று தடவை திரும்பப் போட்டேன். அதே ஏழு. சோழியைக்கூடச் சமாளித்தேன், இதைச் சமாளிக்க முடியவில்லை. இத்தனை நாள் படித்ததெல்லாம் தப்பு, எனக்கு ஒன்றும் தெரியாது, பரீட்சையில் போய்த் திருதிருவென்று விழிக்கப்போகிறேன் என்று நினைத்தபோது, அடுக்களையில் இருந்த அந்த மூன்று செங்கல்லும் கண்ணில் பட்டன. அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கரிபஸ் தன் வாழ்நாளில் ஒரு தடவை நேரத்துக்கு வந்தது.

சொத்தைக்கு ஞாயம்

"வெத்தலைலயா கணக்குப் போடுதீய?" என்று மச்சான் இரண்டாம் முறை கேட்டபோது கோபமும் வந்து சேர்ந்திருந்தது.

"மச்சான், எல்லாக் கவுளியிலயும் அஞ்சு சொத்தை இருக்கு. அதெப்படி எல்லாத்துலயும் அஞ்சு?"

நான் அதிசயத்தைச் சொன்னேன். அவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுந்தது. "எங்க வெத்தலைல சொத்தை பொறுக்கவா அவுத்தீய? ஆத்தூர் வெத்தலையக் குறை சொல்லுத மொத ஆளு நீங்கதான் மாப்ளே! நாளைக்கு வெள்ளன மார்க்கெட்ல என்னத்தக் கொண்டு வைப்பேன்? வாடின இலைய ஆடுகூடத் திங்காது!"

வடிவு அரிசிப் பையோடு அவர் பின்னால் வந்து நின்றாள். கூடத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கண் கலங்கியிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். திட்டவில்லை.

"என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். ஏழு வர வேண்டிய இடத்தில் முப்பத்தாறு வந்ததைச் சொன்னேன். பரீட்சையில் நான் தேறப்போவதில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அஞ்சு இருக்காம என்ன செய்யும்? கிள்ளுத அன்னைக்கே சொத்தையத் தனியா ஒதுக்கிருவோம். கெட்டும்போது கவுளிக்கு அஞ்சுன்னு நடுவுல வச்சுக் கெட்டுவோம். நல்லதெல்லாம் ஒருத்தனுக்கு, சொத்தையெல்லாம் இன்னொருத்தனுக்குன்னு போனா அது என்ன ஞாயம்? வாங்குதவனுக்கு வயிறு எரியாதா?"

"அப்போ அந்த நாலும் ஆறும்?"

"அது எங்க அண்ணன் கெட்டுனது. அவனுக்கு எண்ண வராது."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, விரலை மடக்கிக்கொண்டார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சூத்திரம் தப்பில்லை, நானும் தப்பில்லை. சூத்திரம் சொல்வது தானாக விழுகிற சொத்தையைப் பற்றி. ஆத்தூரில் சொத்தை தானாக விழுவதில்லை. ஆளுக்குப் பங்கு வைத்துக் கொடுக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கட்டுகிற வேலை. அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்தார். சோழி போடுகிறவர் வெற்றிலையைப் பரப்பினால் அதிலும் ஏதோ விஷயம் இருக்கும் என்று அவருக்கு நிச்சயம். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. வடிவு தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் எண்ணிக் கட்டினோம். மச்சான் மட்டும் எண்ணும்போது ஒன்று என்று சொல்லவில்லை, லாபம், ரெண்டு, மூணு என்றே எண்ணினார். அவ்வளவு கோபத்திலும் வியாபார வழக்கம் மாறவில்லை.

எனக்கு ஒரு நப்பாசை. சூத்திரம் கேட்கிறபடி ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று, சொத்தையை நல்லதோடு கலந்து, கண்ணை மூடிக்கொண்டு நூறு நூறாக எடுத்து இரண்டு கவுளி கட்டினேன். மச்சான் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். ஒன்றில் சொத்தையே இல்லை. மற்றதில் எட்டு.

"இந்த எட்டு இருக்கத வாங்குதவன் என்ன பாவம் செஞ்சான் மாப்ளே?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. செல் அரிக்காத புத்தகத்திலும் இருக்காது. இரண்டையும் அவிழ்த்து ஐந்தைந்து வைத்துக் கட்டினேன். அன்று விளக்கு வைப்பதற்குள் என் கையால் பதினோரு கவுளி. பதினொன்றிலும் ஐந்து.

இருபது கூடை

எழுத்துப் பரீட்சை சுமாராகப் போயிற்று. நேர்முகம்தான் மிச்சம்.

சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். கோட்டு, டர்பன், கையில் மூக்குப்பொடி டப்பா. எனக்கு முன்னால் போன தற்காலிக குமாஸ்தா வெளியே வரும்போது, "சுலபம்தான்! அட்டவணை அற்புதமாப் பொருந்துது சார்னு சொன்னேன், தலையாட்டிக்கிட்டாரு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனான்.

அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இருபது கூடை சங்கு. ஒவ்வொரு கூடையிலும் உடைந்தது எத்தனை என்று எண்ணியிருக்கிறது. இது எந்த இனம், எப்படிப் பொருந்துகிறது, சொல்லும்."

பார்த்தேன். பதினேழு கூடையில் நாலு. மிச்சத்தில் மூன்றும் ஐந்தும்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வெற்றிலை வாசனைதான் வந்தது. மனக்கணக்காகப் போட்டேன். பாய்சானாக இருந்தால் சரியாக நாலு என்பது இருபதில் நாலு கூடையில்தான் இருக்கும். பதினேழு என்றால்?

பொருந்துகிறது சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். முன்னால் போனவன் அப்படித்தான் செய்தான். ஆனால் அந்த முப்பத்தாறு என்னை எவ்வளவு அழவைத்தது! தெரிந்துவிட்ட பிறகு தெரியாத மாதிரி எப்படி இருப்பது?

"சார், இது தானா உடைஞ்ச சங்கு இல்ல" என்றேன்.

"என்ன?"

"ரொம்ப ஒழுங்கா இருக்கு சார். தானா உடைஞ்சா ஒரு கூடையில ஒண்ணு இருக்கும், ஒண்ணுல எட்டு இருக்கும். யாரோ உட்காந்து கூடைக்கு நாலுன்னு பங்கு வச்சிருக்காங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது. மூக்குப்பொடி டப்பாவை மூடினார். மின்விசிறி இல்லாத அந்த அறையில் என் வியர்வை தாளில் சொட்டியது. முடிந்தது, ஸ்ரீவைகுண்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். வடிவிடம் என்ன சொல்வது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக.

வேறு வழியில்லை. ஆத்தூர் வெற்றிலையைச் சொன்னேன். நாற்பது கவுளி, கரிபஸ், மச்சான், சொத்தைக்கு ஞாயம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ண வராத நாலும் ஆறும் வரை வந்தபோது அவர் உடம்பு குலுங்கியது. கோபத்தால் என்று பயந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் பொடி ஏறி ஐந்தாறு தும்மல் தும்மினார்.

"பங்கு வைத்தது நான்தானய்யா!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரயிலில் வரும்போது பரீட்சைக்கு ஒரு அட்டவணை வேண்டுமே என்று நானே எழுதினேன். ஒரு கூடையில் எட்டு என்று எழுதக் கை வரவில்லை. பாவமாக இருந்தது."

பிறகு தாளைத் திரும்ப எடுத்து, என் பெயருக்கு எதிரே ஏதோ எழுதினார். "உம்மை ஊருக்கு அனுப்பிவிட்டால் இந்த ஆபீஸ் கணக்கை யார் சந்தேகப்படுவது? திங்கட்கிழமை வழக்கம்போல வந்து சேரும்."

கொடியடுப்பு

வீட்டுக்கு நடந்து வந்தேனா, ஓடி வந்தேனா என்று நினைவில்லை. கொல்லைப்புறமாகப் போகாமல் நேரே வாசல் வழியாக உள்ளே போனேன். வடிவு செங்கல்லுக்கு முன்னால் ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் புகை.

"என்ன கேட்டாவ?"

"உங்க அண்ணன் வெத்தலையத்தான் கேட்டாவ. வேல நெரந்தரம் ஏளா."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை போன பிறகும் துடைத்தாள். பிறகு உப்பை ஒரு பிடி அள்ளிக் குழம்பில் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்தாள் என்பது சாப்பிடும்போது தெரிந்தது. என் ஆயுளில் அவ்வளவு ருசியான உப்புக் கரித்த குழம்பை நான் சாப்பிட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஆத்தங்கரைக் களிமண்ணை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டார். என் பக்கம் சாக்கைத் தள்ளி, "இத வேணும்னா எண்ணிக்கிடுங்க மாப்ளே" என்றார்.

வடிவு வைக்கோலைக் கிள்ளிப்போட்டு மண்ணைப் பிசைந்தாள். செங்கல் மூன்றையும் நானே தூக்கி வெளியே வைத்தேன். அவள் போட்டது ஒற்றை அடுப்பு அல்ல. பெரிய அடுப்பு, அதை ஒட்டிக் கொடியடுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கொடியடுப்பு.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டு?" என்றேன்.

மண் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "வாரத்துக்கு மூணு விருந்தாளின்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீய? ஒத்த அடுப்பு காணுமா?"

என் கணக்குகளிலேயே ஒரு காரியத்துக்குப் பயன்பட்ட முதல் கணக்கு அதுதான். தப்பான கணக்கும் அதுதான். அடுப்புக் காய்ந்த அந்த முதல் வாரம், ஆத்தூரிலிருந்து ஒரே பஸ்சில் பதினோரு பேர் அடுப்பைப் பார்க்க வந்து இறங்கினார்கள்.